முள் காட்டும் நேரம்

தோழியரே, பொதுத் தேர்வைக் காலை 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்கிறோம். 12.45 என்று எண்ணில் பார்த்தால் மீதி நேரத்தை மனத்தில் கணக்கிட வேண்டும். முள் கடிகாரத்திலோ கணக்கே வேண்டாம். பெரிய முள் கடக்க வேண்டிய அரை வட்டம் கண்ணெதிரே இருக்கும். ஆயினும் நம்மில் பலர் அந்த முள்ளைக் கண்டதும் திகைத்து நிற்கிறோம்.

கைப்பேசி வந்தபின் மணிக்கட்டு வெறுமையாகிவிட்டது. (சிலர் கட்டும் வாட்ச்சும் வளையலுக்குத் துணைதான்!) பெங்களூரில் 1961-இல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிலையே 2016-இல் மூட அரசு முடிவு செய்தது.

2018-இல் இங்கிலாந்தில் சில பள்ளிகள், மாணவருக்கு முள் பார்க்கத் தெரியவில்லையென்று தேர்வறையில் எண் கடிகாரத்தை மாட்டின. இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தெரியாததைக் கற்றுத் தரத்தானே பள்ளி? நீட் தேர்வறைக்குள் கைக்கடிகாரத்துக்கு அனுமதியில்லை. சுவர்க் கடிகாரத்தையே நம்ப வேண்டும். இரண்டாம் வகுப்பில் செய்த அட்டைக் கடிகாரத்தை மீண்டும் எடுப்போமா?