ஜீன் சுற்றும் உயிரணுக் கூட்டமும்: எண்ணிக்கை கூற வேண்டியதன் அவசியம்

உயிரணு ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் சில தீர்மானங்களைச் செய்தாக வேண்டியிருக்கிறது. பிரிந்து பெருகுவதா, வளர்ச்சியை நிறுத்திக் கொள்வதா, வேறு வகை உயிரணுவாக மாறுவதா, அன்றி மடிவதா என்பன அத்தீர்மானங்கள். இயற்கையில் இவற்றை ஜீன்களே பெரிதும் நிர்ணயிக்கின்றன. மனிதன் வகுத்த ஜீன் தொகுதி ஒன்றைக் கொண்டு உயிரணுவின் நடத்தையை ஆள இயலுமா என்ற வினாவிற்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விடை கிடைத்தது. ஒன்றையொன்று அடக்கும் இரு ஜீன்களாலான விசையை ஒரு குழுவினரும், மூன்று ஜீன்கள் வட்டமாக ஒன்றையொன்று அடக்கும் ஊசலியை மற்றொரு குழுவினரும் எஷரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவில் அமைத்துக் காட்டினர். மின்சுற்றைப் போல் இயங்குவதால் இவ்வமைப்பு ஜீன் சுற்று எனப் பெயர் பெற்றது.

2004இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் அடுத்த படிக்குச் சென்றனர். அவர்கள் அமைத்த சுற்றில் பாக்டீரியாக்கள் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளியிடும். கூட்டம் அடர்ந்தால் அப்பொருளும் மிகும். ஓரளவைக் கடந்ததும் அது கொல்லும் ஜீனைத் தூண்டும். இவ்வாறு கூட்டம் தன் தொகையைத் தானே மட்டுப்படுத்திக் கொண்டது. பயிருக்கு உதவும் நுண்ணுயிர், கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர், நோய் தீர்க்கும் உயிரணு ஆகிய யாவற்றிற்கும் இம்முறை பயன்படும் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. நம்பிக்கை நியாயமானதே. எனினும், கூட்டம் என்பது ஒரே மாதிரி நடப்பவர்களின் திரள் அன்று என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வுண்மையை விளக்கியவர்களுள் ஒருவர் முகுந்த் தட்டாய். பெங்களூரில் காந்தி வேளாண் விஞ்ஞான மையத்தின் வளாகத்தில் அமைந்துள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் பின்னர் ஆராய்ச்சியாளராக அமர்ந்தவர் அவர். ஓர் உயிரணுவினுள் சில மூலக்கூறுகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே உள்ளன. ஆதலின் ஒரே ஜீன்களைப் பெற்ற இரு உயிரணுக்களிலும் அவற்றின் விளைபொருள் சமமாக இராது என்பதை அவரும் அலெக்சாண்டர் வான் அவுடனார்டனும் 2001இல் கணித முறையில் காட்டினர். 2004இல் அவர்கள் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதனைக் கண்கூடாக்கிற்று. சர்க்கரையை ஏற்கும் ஜீன்களைத் தூண்டும் பொருளை ஒரே அளவில் அளித்தபோது, பாக்டீரியாக்களுள் ஒரு பகுதி விழித்துக் கொண்டது. மறு பகுதி உறங்கியே கிடந்தது. முன்பு எந்நிலையில் வளர்ந்தன என்பதும் அவற்றின் தீர்மானத்தை மாற்றிற்று.

இதனோடு மற்றொரு காரணமும் சேர்கிறது. கொல்லும் ஜீன் பழுதடைந்த உயிரணு சாவதில்லை. அதன் சந்ததியே பெருகிக் கூட்டத்தை ஆக்கிரமிக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் தன்மை புலப்படும். 10 கோடியில் ஒன்றுக்கு மேல் தப்பலாகாது என்பது அமெரிக்க சுகாதாரக் கழகங்களின் விதிமுறை கூறும் அளவு. நன்கு வளர்ந்த ஒரு மில்லி லிட்டர் வளர்ப்பில் சுமார் 100 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவ்வளவில் 10 தப்பும். ஒரு லிட்டரில் 10,000. 1,000 லிட்டர் கொள்ளும் தொட்டியில் ஒரு கோடி. விகிதம் மாறவில்லை, விளைவோ மாறிவிட்டது.

எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்பு வேண்டும் என்பதும் பொருந்தாது. எலும்பு மஜ்ஜைச் சிகிச்சையில், தானமளித்தவரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலையே தாக்குவதுண்டு. அவற்றுள் ஒரு மடிவு விசையை முன்கூட்டியே பொருத்தி, தாக்குதல் தோன்றிய 4 நோயாளிகளுக்கு விசையை இயக்கும் மருந்து அளிக்கப்பட்ட செய்தி 2011இல் வெளியாயிற்று. 30 நிமிஷங்களில் அவ்வணுக்களுள் 90 சதவீதத்திற்கு மேல் மடிந்தன, துன்பமும் தணிந்தது. அங்கு 90 போதுமானதாயிற்று. வயலிலும் ஆற்றிலும் விடப்படும் நுண்ணுயிருக்கு அது போதவே போதாது.

நம் நாட்டு வயலுக்கு அருகில் வந்துள்ள உதாரணம் டி.எம்.எச்.-11 என்னும் கடுகு. டெல்லிப் பல்கலைக் கழகத்தில் உருவான இதில் பாக்டீரியாவிலிருந்து பெற்ற இரு ஜீன்கள் பணி புரிகின்றன. பார்னேஸ் மகரந்தப் பைக்குள் ஒரு படல உயிரணுக்களை மடியச் செய்து செடியை ஆண்மலடாக்கும். மற்றப் பெற்றோரிலிருந்து வரும் பார்ஸ்டார் அதனைத் தடுத்து, கலப்பின விதையில் மகரந்தத்தை மீட்கும். 2022 அக்டோபரில் அதன் வெளியீட்டிற்கு நிபந்தனைகளுடன் அனுமதி அளிக்கப்பட்டது. 2024 ஜூலை 23இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அவ்வனுமதி பற்றி மாறுபட்ட தீர்ப்பளித்தனர். தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டனர்.

அக்கொள்கையில் இடம் பெற வேண்டியது ஒன்று உண்டு. விதை மூட்டையின் சீட்டில் முளைப்புத் திறன் சதவீதம் அச்சிடப்படுவதைக் களப்பணியாளர் அறிவர். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்சம் 80 சதவீதம். எஞ்சியவை முளைக்காமற் போகலாம் என்று வெளிப்படையாகக் கூறுவதால் எந்த உழவரும் விதையை வெறுத்ததில்லை. எவ்வளவு விதைப்பது என்று கணக்கிடவே அது உதவுகிறது. அங்ஙனமே ஜீன் சுற்றுக் கொண்ட உயிர் எதற்கும் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வழங்கும்போது, எத்தனையில் எத்தனை கட்டளைக்கு அடங்கும், எத்தனை தப்பும், எத்தனை தலைமுறைவரை சோதிக்கப்பட்டது என்னும் மூன்று எண்களையும் மக்கள் மொழிகளில் வெளியிட வேண்டும். எண்ணைச் சொன்னால் மக்கள் அஞ்சுவர் என்று சிலர் வாதிப்பர். மறைத்த எண் பின்னர் வெளிப்படும்போது எழும் அச்சமே பெரிது.

உயிரியல் தொழில்நுட்பத் தொழில்களை ஊக்குவிக்கும் பயோ-ஈ3 கொள்கையை மத்திய மந்திரிசபை 2024 ஆகஸ்டில் ஏற்றது. தொட்டிகள் பெருகப் போகின்றன. ஆகவே எண்களின் முக்கியத்துவமும் பெருகும். பெங்களூரின் வடபுறத்தில் ஆராய்ச்சிக் கூடம். அதே நகரின் தென்கிழக்கில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் ஈஜிபுரா. முன்னதில் கண்ட உண்மை பின்னதற்குச் சென்று சேர ஆசிரியரன்றி வேறு வழியில்லை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரே பையிலுள்ள 100 பச்சைப் பயறுகளை ஈரத் துணியில் இட்டு, முதல் நாள் முளைத்தவை, இரண்டாம் நாள் முளைத்தவை, முளைக்காதவை என மாணவர்களை எண்ணச் செய்தால் போதும். பயறு வேறு, பாக்டீரியா வேறாயினும், கூட்டத்தை எண்ணியே அறிய வேண்டும் என்ற பாடம் ஒன்றே. அப்பாடத்தைக் கற்ற குழந்தை நாளை ஓர் அனுமதிப் பத்திரத்தைக் காணும்போது, “எத்தனையில் எத்தனை?” என்று கேட்கும். அக்கேள்விக்கு விடையளிக்க அரசாங்கமும் விஞ்ஞானிகளும் இன்றே ஆயத்தமாதல் வேண்டும்.