போட்டோஷாப்பாம்!

ஆபீஸில் ஒருத்தர், அபார்ட்மெண்டில் ஒருத்தர், ஊரிலிருந்து போன் போட்ட சித்தப்பா. மூன்று பேருக்கும் ஒரே டயலாக்: “கலர் எல்லாம் போட்டோஷாப்தானே?”

படம் எம்51 கேலக்ஸி. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்குப் பக்கத்தில், சுமார் 3 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. புனேயில் வாரமெல்லாம் பொட்டி தட்டிவிட்டு, சனிக்கிழமை சஹ்யாத்ரி மலைப்பக்கம் இருட்டைத் தேடிப் போய், ஆறங்குல டெலஸ்கோப்பில் இரண்டிரண்டு நிமிஷமாக 90 படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. மொத்தம் மூன்று மணி நேர வெளிச்சம்.

அபார்ட்மெண்ட்காரர் என் டெலஸ்கோப்பில் எட்டிப் பார்த்தவர். “சாம்பல் கலரில் புகை மாதிரிதான் தெரிந்தது, அப்ப படம் பொய்” என்கிறார். மங்கலான வெளிச்சத்தில் நம்ம கண்ணுக்கு நிறமே தெரியாது சாமி! நிலா இல்லாத ராத்திரியில் கொடியில் காயும் சட்டையில் எது சிவப்பு, எது பச்சை என்று சொல்லுங்கள் பார்ப்போம். விடிந்ததும் யாராவது வந்து சாயம் பூசினார்களா என்ன? கண் ஒரு நொடிகூட வெளிச்சத்தைச் சேர்த்துவைக்காது, கேமரா சேர்க்கும். சுருள் கைகளின் நீலம் சூடான இளம் நட்சத்திரங்கள். நடுவில் மஞ்சள், வயசானவை. அங்கங்கே ரோஸ் புள்ளிகள், ஒளிரும் ஹைட்ரஜன்.

கான்ட்ராஸ்டை ஏற்றினேனா? ஏற்றினேன். ஊர் விளக்கு வானத்தில் பூசிய மஞ்சளைக் கழித்தேன். பிரஷ்ஷால் ஒரு புள்ளி வைக்கவில்லை. நிலாவை ஜூம் செய்தால் தானே மேடு பள்ளம் போட்டுத் தருகிற போன் படத்தை மட்டும் வாய் பிளந்து பார்க்கிறார்கள் :-)

கண்ணால் கண்டதே நிஜம் என்றால், 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குல டெலஸ்கோப்பில் இதே எம்51ஐப் பார்த்து, சுருளைக் கையாலேயே வரைந்தார். கில்லாடிதான். ஆனால் இந்தச் சுருள்கள் நம் பால்வீதிக்கு உள்ளேயா வெளியேயா என்ற சண்டை அதற்கப்புறமும் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. 1923இல் ஹப்பிள், ஆண்ட்ரோமீடாவை நெடுநேரம் படம்பிடித்த கண்ணாடித் தட்டுகளை ஒப்பிட்டு, கூடிக் குறைந்து ஒளிரும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் தூரம் கிடைத்தது, அது தனி கேலக்ஸி என்று தெரிந்தது. எல்லாம் படத்தின் உபயம்.

சந்தேகம் தீராதவர்கள் ஏப்ரல் அமாவாசையை ஒட்டி வாருங்கள். ஸ்வெட்டர், சிவப்பு டார்ச் போதும். 90 படத்தையும் கேமராவிலிருந்தே பெண்டிரைவில் போட்டுத் தருகிறேன், வீட்டில் நீங்களே அடுக்குங்கள்.