மலைக்கோட்டை வயசு இருக்கட்டும்... காரை மண்ணை யார் காப்பாத்துவது?

திருச்சி பற்றிய வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் அடிக்கடி வரும் வரி: 'மலைக்கோட்டை இமயமலையை விடப் பழையது'. உண்மைதான். ஆனால் அதில் பெரிய அதிசயம் இல்லை. இந்தியத் தட்டு ஆசியாவில் மோதி இமயமலை எழத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். தமிழ்நாட்டின் கடினப் பாறைகள் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு பழசு.

கேட்க வேண்டிய கேள்வி வேற. இங்கே இருந்த பழைய மலைகள் எங்கே போச்சு?

பாலக்காடு முதல் காவிரியை ஒட்டி வரும் பாறைப் பட்டையை ஆராய்ந்த நிலவியலாளர் எம். சந்தோஷும் குழுவினரும் 2009-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல் மூடி, இரு நிலப்பகுதிகள் ஒட்டிக்கொண்ட தையல் இது. (எல்லா நிலவியலாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, விவாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.) அப்படி எழுந்த மலைகளை மழையும் ஆறும் அரைத்துத் தீர்த்தன.

பிறகு, இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தபோது கிழக்கு ஓரம் விரிசல் விட்டு இறங்கியது. பள்ளத்தில் கடல் புகுந்தது. மேற்கு மேட்டு நிலம் தேய்ந்து வந்த மணலும் களிமண்ணும் அதில் அடுக்கடுக்காகப் படிந்தன. அதுதான் காவிரிப் படுகை. நாகை பக்கம் ஓஎன்ஜிசி எண்ணெய் எடுப்பதும், அரியலூரில் சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுவதும் இதே படுகையில்தான்.

1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்த அடுக்குகளுக்கு உத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். உலக ஆய்விதழ்களில் இன்றும் அதே பெயர்கள்தான்.

காட்டூரில் பைக் எடுத்தால் காலையிலேயே போய்ச் சேரும் தூரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது காரை. செம்மண் நிறத்தில் மழை அரித்த மேடுகள், சுமார் 10 கோடி ஆண்டு பழைய கடல் அடிமண். தோட்டா மாதிரி பெலம்னைட், சுருள் ஓட்டு அம்மோனைட் எல்லாம் காலடியிலேயே கிடக்கும். ரீல்ஸ் எடுக்க வருபவர்கள் ஒன்றிரண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். 'ஒரு கல்தானே' என்பதுதான் பிரச்சினை. எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கின் வயதைக் கணிக்கிறார்கள். எடுத்துவிட்டால் அது ஷோகேஸ் பொம்மை, அவ்வளவுதான்.

பக்கத்து சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரத்துக்கு வேலி போட்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது. ஒரு மரத்துக்கு முடிந்தது, ஒரு கடலுக்கு முடியாதா? காரையைச் சுற்றி எல்லைக்கல், உள்ளூர் இளைஞர்களில் நாலு பேருக்குக் காவலர் வேலை. மலைக்கோட்டை வயதைப் பகிரும் விரல்கள் இதையும் கேட்கலாம்.