வீடியோ பார்க்காதவங்க எந்திரிங்க!

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு.) சுண்ணாம்புக்கல் சுரங்கம், 1970-ல் வந்த அரசு சிமென்ட் ஆலை, சுற்றுவட்டாரத்தில் பட்டாசுத் தொழில். அந்த ஊரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் எதற்கு? இவளைப் போல எல்லா அரசுப் பள்ளியிலும் சிலர் உண்டு.

காலையில் அம்மா தூக்குச்சட்டியோடு பட்டாசு ஆலை வேனில் ஏறிவிடுகிறார். வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவின் சட்டைப் பையில் கிளம்பிவிடுகிறது. அது திரும்பி வரும்போது இரவு எட்டு மணி. சார்ஜ் ஏறியதும் முதலில் எடுப்பவன் அண்ணன். அவன் கிரிக்கெட் பார்த்து முடித்தால் அன்றைய டேட்டாவும் முடிந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் டீச்சர் அனுப்பிய அறிவியல் வீடியோ திறப்பேனா என்கிறது.

மறுநாள் வகுப்பில் ஒரு குரல். ‘‘வீடியோ பார்க்காதவங்க எல்லாம் எந்திரிங்க!’’

அவள் எந்திரிக்கிறாள். என்ன தப்பு செய்தாள்? ஒரே போன் இருக்கிற வீட்டில், கடைசியாகக் கை நீட்டுகிற ஆளாகப் பிறந்துவிட்டாள். அவ்வளவுதான்.

‘‘அட, இப்ப யார் வீட்டுல சார் செல்போன் இல்லை?’’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். 2024-ம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 90 சதவிகிதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. அடுத்த வரியையும் படியுங்கள். அதைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில் சொந்தமாக போன் வைத்திருப்பவர்கள், பையன்களில் 36 சதவிகிதம், பெண்களில் 27 சதவிகிதம். வீட்டில் இருப்பது வேறு. கையில் இருப்பது வேறு. கம்ப்யூட்டர் கதை இன்னும் மோசம். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி நகரத்தில் நூற்றுக்கு 23 வீடுகளில் கம்ப்யூட்டர். கிராமத்தில் நூற்றுக்கு 4.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011-ல் இலவச லேப்டாப் வந்தது. 2018-ல் பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. பிறகு ஹைடெக் லேப்கள் வந்தன. 2025 பட்ஜெட்டில், இதே விருதுநகர் மாவட்டத்துக்காரரான தங்கம் தென்னரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார். நல்லது. ஆனால், நம் ஒன்பதாம் வகுப்புப் பெண் கல்லூரி வரைக்கும் வந்து சேர வேண்டுமே! படிப்பு கசந்துபோனால், அம்மா ஏறுகிற அதே வேன் நாளைக்கு இவளுக்காகவும் வாசலில் நிற்கும்.

அதனால்தான் ஆசிரியர்களிடம் நேராகவே பேசுகிறேன். அரசு கொடுத்த மெஷினுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நிற்பவர் நீங்கள்தான். லேப் சாவி உங்களிடம் இருக்கிறது.

அது ஏன் பல இடங்களில் பூட்டியே கிடக்கிறது? ‘‘மவுஸ் உடைஞ்சா யார் பதில் சொல்றது?’’ இந்த பயம் பொய்யில்லை. ஒரு மவுஸ் தொலைந்தால் விளக்கம் கேட்பார்கள். ஒரு வருஷம் முழுக்க எந்தப் பிள்ளையும் மவுஸைத் தொடவில்லை என்றால், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கல்வி அதிகாரிகளே, இந்த வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். உடைந்ததை மன்னியுங்கள். பூட்டியதற்கு விளக்கம் கேளுங்கள். ‘எமிஸ்’ பதிவேற்றத்தில் ஆசிரியரின் நேரத்தைத் தின்றுவிட்டு, பிள்ளைக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடு என்றால் அவர் எங்கே போவார்?

ஆனாலும், பைசா செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, ‘வீட்டில் போன் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘சாயங்காலம் உன் கைக்கு எவ்வளவு நேரம் வரும்?’ என்று கேளுங்கள். அதையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாற்பது பேர் முன்னால் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது.

இரண்டு, வீட்டில் போன் இருந்தால்தான் முடியும் என்கிற வீட்டுப்பாடத்துக்கு மார்க் போடாதீர்கள். வீடியோவை வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள்.

மூன்று, மதிய இடைவேளையிலும் பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரமும் லேபைத் திறந்து வையுங்கள். பார்த்துக்கொள்கிற பொறுப்பைப் பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2018-ல் இருந்து ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்கள் பள்ளிகளில் இயங்குகின்றன. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நான்கு, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்தால், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளைதான் மவுஸைப் பிடித்துக்கொள்ளும். இல்லாத பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போகும். மவுஸை முதலில் இல்லாத பிள்ளையின் கையில் கொடுங்கள். குறிப்பாக, பெண் பிள்ளையின் கையில்.

இதெல்லாம் ஆசிரியருக்குக் கூடுதல் சுமைதானே என்பீர்கள். ஆமாம், சுமைதான். ஆனால் இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய பாடம் ஞாபகம் இருக்க வேண்டும். விருதுநகரில் பிறந்த காமராஜர், 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். ‘வீட்டில் சாப்பிடாதவங்க எந்திரிங்க’ என்று அவருடைய பள்ளிக்கூடம் சொல்லவில்லை. பிள்ளை பசியோடுதான் வருகிறது என்று எடுத்துக்கொண்டு உலை வைத்தது. சோறு விஷயத்தில் நமக்கு எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே புரிந்த நியாயம், செல்போன் விஷயத்தில் மட்டும் ஏன் புரியவில்லை?

டீச்சர், நாளைக்குக் காலையில் அந்தப் பெண்ணை எந்திரிக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவள் உட்காரட்டும். நீங்கள் எழுந்து போய் லேப் கதவைத் திறங்கள்.