எட்டு நாளில் ஏழு ஊர்: இத்தாலிக்கு இப்படிப் போகாதீர்கள்!



போன ஒரு மாதத்தில் நான்கு பேர் ஒரே மாதிரியான சுற்றுலா விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "இது நல்லா இருக்குமா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். நான்காவது என் தங்கை மகன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகப் பெற்றோரை அனுப்பி வைக்க ஆசைப்படுகிறான். விளம்பரம் இதுதான்: எட்டு நாள், ஏழு ஊர். ரோம், பைசா, ஃபுளோரன்ஸ், பொலோனியா, வெனிஸ், வெரோனா, மிலான். தினமும் இந்திய உணவு.

தனித்தனியாக எழுதுவதை விட எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள். இத்தாலிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இப்படிப் போகாதீர்கள்.

முதலில் கணக்கு. எட்டு நாளில் போகிற நாளையும் வருகிற நாளையும் கழித்தால் மிச்சம் ஆறு. ரோமில் தொடங்கி மிலான் வரை இந்த வரிசையில் பேருந்தில் போனால் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பழைய நகரங்களுக்குள் பெரிய பேருந்தை விடமாட்டார்கள். வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வெனிஸ் என்றால் படகு பிடிக்க வேண்டும். தலையை எண்ணுவது, கழிப்பறை வரிசை, ஊருக்கு வெளியே இருக்கும் இந்திய உணவகத்துக்குப் போய்த் திரும்புவது எல்லாம் போக, ஃபுளோரன்ஸ் நகருக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். அதிலும் ஒரு மணி நேரம் தோல் பை வாங்கும் கடையில்.

அந்த மிச்ச நேரத்தில் என்ன காட்டுவார்கள்? சிஞ்ஞோரியா சதுக்கத்தில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அது நகல். அசல் சிலையை 1873-லேயே அகாதெமியா அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வேறு சிற்பிகள் கைவைத்துப் பார்த்து, சரிவராது என்று விட்டுப்போன ஒற்றைச் சலவைக்கல்லில், 1501 முதல் 1504 வரை செதுக்கிய பதினேழு அடிச் சிலை அது. சதுக்கத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம். ஆனால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை. விளம்பரத்தில் "டேவிட் சிலை" என்று மட்டும் இருக்கும். பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது.

பைசாவிலும் இதே கதைதான். சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஆளாளுக்கு ஒரு படம், பிறகு பேருந்து. கோபுரம் ஏன் சாய்ந்தது, 1173-ல் தொடங்கிய கட்டடத்தை அடியிலிருந்த இளகிய மண் எப்படி இழுத்தது, 1990 முதல் 2001 வரை மூடி வைத்து, உயர்ந்த பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எப்படி நாற்பது சென்டிமீட்டர் நிமிர்த்தினார்கள் என்று யார் சொல்கிறார்கள்? அதே புல்வெளியில் ஞானஸ்நானக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே 1260-ல் நிக்கோலா பிசானோ செதுக்கிய பிரசங்க மேடை. அந்த ஊரில் கிடந்த பழைய ரோமானியக் கல் சவப்பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து மனித உடலைச் செதுக்கக் கற்றவர் அவர். ஒன்பதாம் வகுப்பில் "மறுமலர்ச்சி" என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நெட்டுருப் போட்டீர்களே, அதன் வேர்களில் ஒன்று அங்கே கல்லில் இருக்கிறது. கோபுரத்திலிருந்து சில நிமிட நடை.

வாத்தியார் வேலை பார்த்த எனக்கு இந்தச் சுற்றுலாவைப் பார்த்தால் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. போர்ஷன் முடிப்பது வேறு, பாடம் நடத்துவது வேறு. இவர்கள் போர்ஷன் முடிக்கிறார்கள்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெடிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயிசா. குடும்பம் தன்னோடு முடிகிறது, ஆட்சி அந்நியர் கைக்குப் போகிறது என்று தெரிந்ததும் 1737-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார். தன் குடும்பம் முந்நூறு வருடமாகச் சேர்த்த ஓவியம், சிற்பம், நூல் எல்லாம் அரசுக்கு. ஆனால் ஒன்றுகூட ஃபுளோரன்சை விட்டு வெளியே போகக் கூடாது. இன்றைக்கு உஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருக்கும் செல்வம் விற்றுத் தீராமல் அங்கேயே இருப்பதற்கு அந்தக் கையெழுத்து பெரிய காரணம். அவர் காப்பாற்றிக் கொடுத்ததை நாம் வெளிவாசலில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிறோம்.

இனி நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

"சார், வாழ்க்கையில ஒரு தடவைதான் போறோம். எல்லாத்தையும் பாத்துடணும்ல?" ஒரு தடவைதான் என்பதால்தான் சொல்கிறேன். ஒரே ஒரு முறை சாப்பிடக் கிடைத்த விருந்தில் எல்லாப் பதார்த்தத்தையும் விரலால் தொட்டுவிட்டு எழுந்திருப்பீர்களா?

"ஓவியமெல்லாம் நமக்கு என்ன சார் புரியும்?" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஃபுளோரன்சிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சியெனா. அந்த ஊரை ஆண்ட ஒன்பது பேர் கூடிய அறையின் சுவர்களில் அம்புரோஜியோ லொரென்செத்தி 1338-39-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது. ஒரு பக்கம் நல்லாட்சி நடக்கும் ஊர்: வீடு கட்டுகிறார்கள், கடை திறந்திருக்கிறது, உழவர் வயலில் வேலை செய்கிறார்கள், ஒரு வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கம் கொடுங்கோல் ஆட்சி: கொம்பு முளைத்த ஆட்சியாளன், அவன் காலடியில் கட்டிப்போடப்பட்ட நீதி, பாழான வயல். கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் நிமிர்ந்தால் இரண்டும் கண்ணில் பட வேண்டும் என்று வரைய வைத்தார்கள். கிராம சபையில் ஒரு நாள் உட்கார்ந்தவனுக்கு இந்தப் படம் புரியாதா? புரியாது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்? சொன்னவர்களுக்கு உங்களைச் சீக்கிரம் பேருந்தில் ஏற்ற வேண்டிய அவசரம் இருந்திருக்கும்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" தினமும் இந்திய உணவு என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இத்தாலி சைவர்களுக்குக் கஷ்டமான நாடே இல்லை. பைசாவில் செச்சீனா என்று ஒன்று: கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் கரைத்து அகலமான தட்டில் ஊற்றிச் சூளையில் சுடுவது. நம் கடலை மாவுப் பலகாரங்களுக்குப் பங்காளி. ஃபுளோரன்ஸ் பக்கம் ரிபொல்லித்தா: மீந்த ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கோஸ் இலை போட்ட கெட்டிச் சாறு. பெயருக்கே "மறுபடி கொதிக்க வைத்தது" என்றுதான் பொருள். சுண்டக்குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே ரொட்டியில் உப்பு இருக்காது; குறை என்று நினைக்காதீர்கள், வழக்கமே அதுதான். ரோமில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் சேர்த்த பாஸ்தா ஒன்று உண்டு. நம் மேற்கு மலையோரத்து மிளகு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கப்பலேறிப் போன ஊர் அது. ஒரே ஓர் எச்சரிக்கை: பர்மிஜானோ, பெகொரீனோ போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதைச் சேர்ப்பார்கள். சுத்த சைவம் பார்ப்பவர்கள் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சூப்பில் இறைச்சி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஓட்டத்தில் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை, அந்த ஊர்களுக்கும்தான். வெனிஸின் பழைய தீவு நகரத்தில் 1951-ல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000-க்கும் கீழே. வீடுகள் விடுதிகளாகின்றன, மளிகைக் கடைகள் முகமூடிக் கடைகளாகின்றன. காலையில் வந்து மாலையில் போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை. தங்குகிறவனை விருந்தாளியாகவும், மூன்று மணி நேரம் மிதித்துவிட்டுப் போகிறவனைச் சுமையாகவும் ஊர் பார்க்கிறது. நாம் எதில் சேர்த்தி?

மான்துவா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1680-ல் பிறந்த பெஸ்கி நம் மண்ணுக்கு வந்து வீரமாமுனிவர் ஆனார். வந்தது மதம் பரப்ப. ஆனாலும் முப்பது வருடங்களுக்கு மேல் இங்கே இருந்து, நம் மொழியைக் கற்று, நமக்கே சதுரகராதி செய்து கொடுத்தார். அவர் ஊருக்குப் போகிற நம்மால் எட்டு நாளை இரண்டு ஊருக்குக் கொடுக்க முடியாதா?

சரி, எப்படிப் போவது?

ரோமில் நான்கு இரவு, ஃபுளோரன்சில் நான்கு இரவு. இடையே விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம். சியெனா, பைசா இரண்டையும் ஃபுளோரன்சிலிருந்து போய் வரலாம். உஃபிட்சிக்கும் அகாதெமியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளுக்கு முன்பதிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும் என்பதில்லை. ரோமில் சான் லுயிஜி தேவாலயத்தில் கரவாஜ்ஜோவின் மூன்று பெரிய ஓவியங்கள் நானூறு வருடத்துக்கு மேலாக அதே இடத்தில் இருக்கின்றன, பார்க்க இலவசம். பல தேவாலயங்கள் மதியம் மூடிவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். காபியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. ரோமின் தெருக்குழாய்த் தண்ணீர் நன்றாகக் குடிக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத் தவிருங்கள்.

வயதானவர்களுக்குக் குழுவாகப் போவதுதான் பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நிறுவனத்தாரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை இரவு ஒரே ஊரில்? தங்கும் விடுதி நகருக்குள்ளா, நெடுஞ்சாலை ஓரமா? எந்தெந்த இடத்துக்கு உள்ளே போக நுழைவுச்சீட்டு சேர்த்திருக்கிறது? "வெளியிலிருந்து பார்வையிடல்" என்று பதில் வந்தால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பெரும்பாலும் ஏழு ஊரில் இரண்டுதான் மிஞ்சும். அந்த இரண்டுக்கு மட்டும் போகும் குழுவைத் தேடுங்கள்.

மருமகனே, உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏழு ஊரில் பெட்டியைத் தூக்கி ஏற்றி இறக்குவது பரிசு இல்லை, தண்டனை. இரண்டு ஊருக்குச் சீட்டு எடு. மிச்சப் பணத்தில் அவர்களுக்கு நகருக்குள்ளேயே, லிஃப்ட் உள்ள விடுதியாகப் பார்.

பதிவு நீண்டுவிட்டது, வகுப்பும் இப்படித்தான் மணி அடித்த பிறகும் நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். மறுத்துப் பேச நினைப்பவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். போய் வந்தவர்கள், பார்த்த ஊர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மனதில் நின்ற ஒன்றைச் சொல்லுங்கள்.