ஆறு நாட்கள் யாருடையவை?

நம்மவருள் கிறிஸ்தவராயுள்ளோர் பலர் கடவுளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்து, அதற்கு வெளியே அவர் நடமாடலாகாதென்று வேலியும் போட்டிருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை உடுத்து, குரல் தாழ்த்தி, பணிவே உருவாகக் கோயிலிலிருந்து வெளிவரும் அதே மனிதர், திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று தொழிலாளியின் தாயையும் தகப்பனையும் இழுத்து வசை பொழிகின்றார். ஏனையா இப்படி என்று கேட்டால், "அது கோயில், இது தோட்டம்" என்கின்றார். இந்த நான்கு சொற்களை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

கோயிலைப் பரிசுத்தமாகக் கருதுவது தவறென்று நாம் சொல்லவில்லை. கோயில் மட்டுமே பரிசுத்தம் என்பதைத்தான் மறுக்கின்றோம். மறுப்பதற்கு நாத்திகரின் நூல்களைத் தேடிப் போகவேண்டுவதில்லை. அவர் கையிலேயே இருக்கும் வேதாகமம் போதும்.

லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பரிசுத்தராய் இருக்கவேண்டும் என்ற கட்டளையுடன் அது தொடங்குகின்றது. பரிசுத்தம் என்பது யாது என்றறிய மேலே படிக்கும் அன்பர், தூபமும் தீபமும் வரும் என்று எதிர்பார்ப்பாராயின் ஏமாறுவார். பலியைப் பற்றி நான்கு வசனம் வருவது மெய். அதன் பின்னர் வருவன எவை? வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைத்தல். கூலியாளின் கூலியைப் பொழுது விடியுமட்டும் கையில் வைத்திராமை. குருடன் வழியில் தடுக்கல் போடாமை. அந்நிய நாட்டிலிருந்து வந்து குடியிருப்பவனைத் தன் நாட்டானைப்போல் நேசித்தல். தராசும் படிக்கல்லும் சரியாயிருத்தல். இவை யாவும் தோட்டத்து ஆபீசுச் சங்கதிகள் அல்லவா? செக்ரோலும் நிறுவைக் கணக்கும் அல்லவா? பீடத்தைப் பற்றிய பேச்சும் தராசைப் பற்றிய பேச்சும் ஒரே அதிகாரத்தில் ஒரே குரலில் வருகின்றன. நம்மவரோ முன்னதை வாசித்துப் பின்னதைப் புரட்டிவிடுகின்றனர்.

சகரியா தீர்க்கதரிசியின் நூல் இன்னும் ஒரு படி மேலே போகின்றது. பிரதான ஆசாரியனின் நெற்றிப்பட்டத்தில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்து, ஒரு நாள் குதிரையின் கழுத்து மணியிலும் இருக்குமாம். எருசலேமின் அடுப்பங்கரைப் பானை ஒவ்வொன்றும் பலிபீடத்துப் பாத்திரத்துக்கு நிகராகுமாம். பானையை உயர்த்தியதால் பாத்திரத்துக்கு ஏதும் குறைந்ததாக அத்தீர்க்கதரிசி கருதவில்லை. "எல்லாம் பரிசுத்தமென்றால் எதுவுமே பரிசுத்தமில்லை என்றாகிவிடுமே" என்று அங்கலாய்க்கும் பெரியவர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

நாசரேத்தூரார் இயேசுவைக் குறித்து இடறிய கதையை மாற்கு எழுதியிருக்கின்றார். இவன் தச்சனல்லவா என்பதுதான் அவர்கள் கேள்வி. கைத்தழும்புள்ளவனிடம் கடவுள் இருக்கமாட்டார் என்பது அவ்வூராரின் சித்தாந்தம். நம் தோட்டத்துக் கோயில்களில் முன்வரிசை யாருக்கு, பின்வரிசை யாருக்கு என்று பார்ப்பவருக்கு அச்சித்தாந்தம் இன்னும் சாகவில்லை என்பது விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் கர்மேல் மடம் ஒன்றில் லாரன்சு என்னும் சகோதரர் இருந்தார். லொரேன் நாட்டில் பிறந்து, போர்ச்சேவகனாயிருந்து காயமுற்று, கால் ஊனமானவர். குருப்பட்டம் பெறாதவர். மடத்தார் அவருக்குக் கொடுத்தது சமையற்கட்டு. அவ்வேலை அவருக்கு இயல்பிலேயே அருவருப்பு. இருந்தும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கே உழைத்தார். திராட்சரசம் வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, நடக்கமாட்டாமல் படகிலிருந்த பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டே நகர்ந்தாராம். பிற்காலத்தில் மடத்தாரின் செருப்புக்களைத் தைத்தார். முழங்காலில் நிற்கும் வேளைக்கும் சட்டி கழுவும் வேளைக்கும் தமக்கு வேற்றுமை இல்லையென்று அவர் சொல்லி வந்தார். அவர் 1691ஆம் ஆண்டு மறைந்தபின், போபோர் என்னும் குரு அவருடைய பேச்சையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அச்சிறு நூல் வாசிக்கப்படுகின்றது.

செருப்புத் தைத்தவரை மேனாட்டார் ஞானியென்று போற்றினர். தமிழ்க் கிறிஸ்தவர் செய்ததென்ன? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில், ஒரே பீடத்துக்கு இரண்டு மண்டபங்கள், சாதிக்கொன்று! இடையில் நின்ற தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டபோது, மேல்சாதியார் வழக்குத் தொடுத்து, இறுதியில் தோற்றனர். வீட்டு வாசலிலும் கிணற்றடியிலும் மனிதனைத் தீட்டென்று ஒதுக்கிப் பழகியவர்கள், கோயிலுக்குள் மட்டும் அவனை எவ்வாறு சகோதரனென்று அணைப்பார்கள்? அன்றாட வாழ்வில் எழும்பிய சுவர்தான் ஆலயத்துக்குள்ளும் வந்து நின்றது.

இங்கே மற்றொரு கூட்டத்தாரையும் எச்சரிக்க வேண்டியிருக்கின்றது. "உன் வேலை தெய்வப்பணியப்பா, கூலியைப் பெரிதாக எண்ணாதே" என்று தட்டிக்கொடுக்கும் புண்ணியவான்கள் அவர்கள். லாரன்சின் கதையைக் கேட்டால் முதலில் மகிழ்பவர்களும் அவர்களே. ஒரு செய்தியை அவர்கள் மறந்துவிட வேண்டாம். லாரன்சு தாமாக விரும்பி மடம் புகுந்தவர். எவருடைய இலாபத்துக்காகவும் அவர் சட்டி கழுவவில்லை. வேலை பரிசுத்தமானால் அதன் கூலியும் பரிசுத்தம். அதில் கைவைப்பது காணிக்கைப் பெட்டியில் கைவைப்பதற்குச் சமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியது ஏழைக்கு ஆறுதல் கூறுவதற்கு மாத்திரமன்று. செல்வரை நோக்கியே அவ்வாறு முழங்கினார்.

கிராணி உத்தியோகம் பார்க்கும் கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோருள் பெரும்பாலோர் பிற நாட்டிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தது போலவே வந்தவர்கள். பலருக்கு நம் எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. குலையின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் எதிர்த்துக் கேட்க அவர்களுக்கு நாவில்லை. கூட்டியெழுதுவதும் குறைத்தெழுதுவதும் நம் பேனா முனையில். பிறருடைய கடவுச்சீட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் "பத்திரமாயிருக்கட்டும்" என்ற பெயரில் அதை வாங்கிப் பூட்டிவைக்கும் முதலாளிகள் இந்நாட்டில் உண்டு. அந்த அலமாரிக்கு எதிரே அமர்ந்து கணக்கெழுதும் நண்பரே, வரும் ஞாயிறன்று நற்கருணைக்குக் கை நீட்டுமுன், அதன் சாவி யாரிடம் இருக்கின்றதென்று திங்கட்கிழமையே உம் துரையிடம் கேட்பீரா?