சட்டை தைக்கப் போன 130 பேர்

"கூலி எங்க கம்மியோ அங்க ஃபேக்டரி ஓடிடும்." டீக்கடையிலேர்ந்து டிவி விவாதம் வரைக்கும் எல்லாரும் சொல்ற வரி இது. பாதி உண்மை. மீதிப் பாதிதான் நமக்கு முக்கியம்னு நான் நினைக்கிறேன். பங்களாதேஷையே எடுத்துக்குவோம்.

1970கள்ல ஆயத்த ஆடை ஏற்றுமதியில தென்கொரியா பெரிய கை. 1974ல மல்டி ஃபைபர் ஒப்பந்தம் வந்தது. எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம்னு பணக்கார நாடுகள் கோட்டா போட ஆரம்பிச்சாங்க. கொரியாவுக்குக் கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. அங்க இருந்த தேவூ கம்பெனி, கோட்டாவுல மாட்டாத நாடா தேடுச்சு. கிடைச்சது பங்களாதேஷ். ஆக, இழுத்தது மலிவான கூலி மட்டும் இல்லை, கோட்டாவும்தான்.

முன்னாள் அரசு அதிகாரி நூருல் காதர் கான் ஆரம்பிச்ச தேஷ் கார்மெண்ட்ஸோட 1978ல ஒப்பந்தம். 130 பேரை கொரியாவுல புசானுக்குக் கூட்டிட்டுப் போய் பல மாசம் ட்ரெயினிங். 1980ல சிட்டகாங்ல உற்பத்தி ஆரம்பம்.

அப்புறம் நடந்ததுதான் மேட்டரே! சில வருஷத்துல அந்த 130 பேர்ல 115 பேர் தேஷை விட்டுப் போயிட்டாங்க. சில பேர் சொந்தமா ஆரம்பிச்சாங்க, மத்தவங்க புதுசா முளைச்ச கம்பெனிகள்ல சேர்ந்தாங்க. நம்ம ஐடி பாஷைல 88% அட்ரிஷன். எந்த ஹெச்.ஆரா இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பார் :-) ஆனா நாட்டுக்கு? ஒரு கம்பெனி கத்துக்கிட்டது ஒரு தொழிலாவே பரவிடுச்சு.

துணி வாங்கக் காசு? அதுக்கும் வழி பண்ணாங்க. வெளிநாட்டு ஆர்டருக்கு வந்த எல்.சி.யைக் காட்டி, துணி இறக்குமதிக்கு பேங்க்ல இன்னொரு எல்.சி. திறந்துக்கலாம். ஏற்றுமதிக்கான துணியை வரி கட்டாம பாண்டட் வேர்ஹவுஸ்ல வெச்சுக்கலாம். கையில பெரிய முதல் இல்லாதவனும் முதலாளி ஆக முடிஞ்சது.

2005 ஜனவரி 1ல கோட்டா முடிஞ்சப்ப, எல்லாம் சீனாவுக்குப் போயிடும், பங்களாதேஷ் கதை அவ்வளவுதான்னு பலர் பயந்தாங்க. போகலை. இன்னும் வளர்ந்துச்சு. ஃபேக்டரி வந்த காரணம் போயிடுச்சு, தொழில் தெரிஞ்ச ஆளுங்க அங்கயே இருந்தாங்க.

இதெல்லாம் சும்மா கிடைக்கலை. 2013 ஏப்ரல் 24, ராணா பிளாசா. முந்தின நாளே சுவத்துல விரிசல் தெரிஞ்சும் தொழிலாளர்களை உள்ள அனுப்பினாங்க. 1,100 பேருக்கு மேல செத்தாங்க. தொழில் கத்துக்கிட்டு முதலாளி ஆனவங்க நிறைய. மெஷின்ல உக்காந்தவங்க உயிருக்கு மதிப்பு வர ஒரு கட்டடமே இடிய வேண்டியிருந்தது.

2024 ஆகஸ்ட்ல ஷேக் ஹசீனா நாட்டை விட்டுப் போனதும் நம்ம ஊர்ல ஒரே பேச்சு, "ஆர்டரெல்லாம் இனி திருப்பூருக்குத்தான்". அடுத்தவன் வீட்டு எழவுல நமக்கு ஆர்டர் வரும்னு கணக்குப் போடறது எனக்குப் பிடிக்கலை. அது ஒருபக்கம் இருக்கட்டும். பிரச்சினையால வர்ற ஆர்டர், பிரச்சினை தீர்ந்தா திரும்பிப் போகும். பனியன் கம்பெனியில வேலை பார்த்தவங்களே ஓனர் ஆன கதை திருப்பூருக்குப் புதுசா என்ன?

அதனால, அடுத்த தடவை "இத்தனை கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை"ன்னு அறிவிப்பு வந்தா நான் கேக்கப் போறது ரெண்டே கேள்வி. இதுல எத்தனை பேர் தொழிலைக் கத்துக்கிட்டு வெளிய வந்து நாலு பேருக்கு வேலை கொடுப்பாங்க? உள்ள இருக்கறவங்க சாயந்திரம் பத்திரமா வீட்டுக்குப் போவாங்களா?

நீங்க என்ன நினைக்கிறீங்க? பின்னூட்டத்துல வந்து கும்முங்க மக்களே.